ஊரெல்லாம் லாசர்

"அண்ணாச்சி, சீனாவுல பாம்பு தின்னீங்களாமே, நெசமா?"

மில் கேட்டுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற டீக்கடையில என்னைக் கண்டாலே இப்ப உள்ள ஃபிட்டர் பயலுக கேக்கிற முதல் கேள்வி இதுதான். ஏலே, ஒரு மாகாணத்தோட தலைநகரத்துல போய் இருந்து, அந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சு, அந்த ஊர்க்காரனோட சேர்ந்து நின்னு மிஷினைச் சரிபார்த்து கப்பல் ஏத்திட்டு வந்திருக்கேன். அந்த மிஷின் இன்னைக்கும் பழைய ஷெட்டுல ஓடுது. அதைப் பத்திக் கேக்க ஒருத்தனுக்கும் வாய் வரல. பாம்பு, பல்லி, கரப்பான்பூச்சி. தூ!

இப்ப மறுபடியும் அதே ஊருல இருந்து மிஷின் வாங்கப் போறாக. ஆனா யாரும் போகலை. ஆபீஸ்ல பெரிய டி.வி. ஒண்ணை மாட்டி, அங்க ஒருத்தன் கேமராவைப் பிடிச்சுக் காட்ட, இங்க ஏ.சி.யில உக்காந்துகிட்டுத் தலையாட்டுதாக. பேசுறதை ஃபோனே மொழிபெயர்த்துச் சொல்லிருதாம். நல்லதுதான், அலைச்சல் மிச்சம். நான் குறை சொல்லல. ஆனா டி.வி.யில மிஷினைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியுமா? எங்க தொழிலாளர் மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கன்னு கேட்டாக. சரி, அந்த ஊரைப் பத்தியே எழுதிப்புடுவோம்னு உக்காந்துட்டேன். கடைசி வரைக்கும் பாம்பு வராது. இப்பவே சொல்லிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். பொறக்கும்போது மூச்சுப் பேச்சில்லாமக் கிடந்தேனாம். மருத்துவச்சி முதுகுல போட்ட போட்டுல அழுதேனாம். செத்துப் பிழைச்ச பிள்ளைன்னு எங்க சபைப் போதகர், பைபிள்ல செத்து எந்திரிச்சவர் பேரையே எடுத்து லாசர்னு வச்சுட்டார். ஐ.டி.ஐ. முடிச்சு ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல சேர்ந்தேன். எண்ணெய் போட்டேன், பெல்ட் மாட்டினேன், திட்டு வாங்கினேன், ஃபிட்டர் ஆனேன், ஹெட் ஃபிட்டர் ஆனேன். கல்யாணத்துக்குப் பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர்ல குடியேறி, அங்க இருந்தே பஸ்ஸுல போய் வந்தேன். என் வேலைக் கதை அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் சுப்பராஜா மாஸ்டர் கதை.

சுப்பராஜா எங்க ஸ்பின்னிங் மாஸ்டர். நூல் நூக்கிற பகுதி பூராவும் அவர் ராஜ்யம். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், ரெண்டு பக்கமும் முறுக்கி விட்ட பெரிய மீசை. வீட்டுல தெலுங்கு, எங்களோட தமிழ். கோபம் மட்டும் தெலுங்குல வரும். சந்தோஷம் எந்த மொழியிலயும் வந்து நான் பார்க்கல. என்னைக் கூப்பிடுறது எப்பவும் "ஏமிரா"தான், நம்ம என்னடா மாதிரி. பேர்னு ஒண்ணு எனக்கு இருக்கிறது அவருக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்.

மிஷினைச் சோதிக்கிறதுல அவருக்குன்னு ஒரு முறை உண்டு. முதல்ல புறங்கையை மிஷின் மேல வச்சு, கண்ணை மூடி, செத்த நேரம் அப்படியே நிப்பார். பொறவு பையில இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, ஓடுற மிஷின் மேல வைப்பார். தண்ணி சிந்தக் கூடாது. மேல சுருக்கம் விழக் கூடாது. மிஷின் நீளத்துக்கும் டம்ளரை நகட்டி நகட்டி வச்சுப் பார்ப்பார். எல்லாம் சரியா இருந்தா ஒரே வார்த்தை. "ஓடட்டும்." சரியில்லைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டார், டம்ளரை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டிருவார். திட்டினாக் கூடப் பரவாயில்ல, அந்தப் பேசாமப் போறதுக்குத்தான் நாங்க நடுங்குவோம்.

இந்த மனுஷனும் நானும் ஜினானுக்குப் போனோம். செல்போன்ல படமே தெரியாத காலம். ஷாண்டோங் மாகாணத்துக்கு ஜினான்தான் தலைநகரம். அங்க உள்ள ஒரு கம்பெனியில ரிங் ஃபிரேம், அதாவது பஞ்சுத் திரியை முறுக்கி நூலாக்குற நீளமான மிஷின், எங்களுக்காகச் செஞ்சு வச்சிருந்தாக. ஓட்டிப் பார்த்து சரின்னு சொன்னாத்தான் கப்பல்ல ஏறும்.

ஏர்போர்ட்ல இறங்கினதுமே எனக்கு ஆச்சரியம். கார் டிரைவர் என்னைப் பார்த்து, "லாவ்சர்!" அப்படிங்கிறான். கடைசி எழுத்துல நாக்கை மடக்கி ஒரு இழுப்பு. மத்தபடி என் பேரு அப்படியே. ஹோட்டல்ல பெட்டி தூக்குறவன், "லாவ்சர்!" மறுநாள் காலையில ரோட்டைக் கூட்டுற அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்கன்னு கையைக் காட்டி, "லாவ்சர்!" எனக்குத் தலைகால் புரியல. நெஞ்சை நிமித்திக்கிட்டு மாஸ்டர்கிட்ட சொன்னேன்.

"மாஸ்டர், கம்பெனிக்காரன் ஊர் பூராவும் என் பேரைச் சொல்லி வச்சிருக்கான்."

மாஸ்டர் மீசையைத் தடவினார். "ஏமிரா, என் பேரைச் சொல்லலையா அவன்?"

அன்னைக்குப் பூராவும் மாஸ்டருக்கு முகம் சரியில்ல. நானோ ஹோட்டல் ஃபோன்ல எங்க வீட்டம்மா எஸ்தரைக் கூப்பிட்டு, "ஏட்டி, சீனாவுல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்"னு பெருமையடிச்சாச்சு.

கம்பெனி எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் குடுத்திருந்தது. பேரு சுன், சின்னப் பொண்ணு, நல்ல இங்கிலீஷ். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பொண்ணு குனிஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. பொறவுதான் விளக்கினாள். அந்த ஊருல முன்னப்பின்ன தெரியாத ஆளைக் கூப்பிடுற மரியாதைச் சொல்லு அது. வாத்தியார்னு அர்த்தம். கசாப்புக்கடைக்காரர், பஸ் ஓட்டுறவர், போலீஸ்காரர், பிச்சை கேக்கிறவர் எல்லாரும் வாத்தியார்தான். அந்த நாட்டுலயே மத்த ஊர்க்காரங்க கேட்டா சிரிப்பாகளாம், ஜினான்காரங்க விடுறதில்லையாம். நம்ம பக்கம் கடைக்காரரும் அண்ணாச்சி, வாங்கப் போறவரும் அண்ணாச்சின்னு சொல்லுதோம்ல, அந்த மாதிரி.

மாஸ்டர் அன்னைக்கு ராத்திரி ரெண்டு சப்பாத்தி கூடவே சாப்பிட்டார்.

எனக்கு மானமே போச்சு. அன்னையில இருந்து அந்தச் சொல்லை வாயில எடுக்கிறதில்லைன்னு ஒரு வைராக்கியம். எவனாவது தன் பேரைத் தானே கூவிக்கிட்டு இன்னொருத்தனைக் கூப்பிடுவானா? "ஹலோ"ம்பேன், கையைத் தட்டுவேன், தோளைத் தொடுவேன். இதனால வந்தது வினை. கம்பெனியில எங்களுக்கு மிஷின் ஓட்டிக் காட்டினவர் வயசான ஃபிட்டர் ஒருத்தர். தேயிலை மிதக்கிற கண்ணாடிப் பாட்டிலை எப்பவும் பக்கத்துலயே வச்சிருப்பார். நான் கையைத் தட்டினா அவர் திரும்பவே மாட்டார். மெதுவா மூடியைத் திருகி, டீயைக் குடிச்சு, மூடியைத் திருகி வச்சுட்டு, சுவரைப் பார்ப்பார்.

"நீங்க அவரை லாவ்சர்னு கூப்பிடணும்"னு சுன் கெஞ்சிச்சு.

"என் பேரை நான் எதுக்குக் கடன் குடுக்கணும்?" அப்படின்னுட்டேன்.

சரி, ஊரைச் சொல்லுதேன். தெற்கே மலை, வடக்கே மஞ்சள் ஆறு, நடுவுல ஊரு. மலையில பெய்யுற மழை பூமிக்கடியில ஓடியாந்து ஊருக்கு நடுவுல ஊத்தாப் பொங்குது. திரும்புன பக்கமெல்லாம் ஊத்துதான். பார்க்குக்குள்ள ஊத்து, சந்துக்குள்ள ஊத்து, ஒருத்தர் வீட்டு முத்தத்துல அடுப்படிக்குப் பக்கத்துலயே ஊத்து. பழைய கோட்டையைச் சுத்தி ஒரு அகழி இருக்கு. அகழின்னதும் நான் மூக்கைப் பொத்தப் போனேன். எட்டிப் பார்த்தா அடியில கிடக்கிற கூழாங்கல்லு தெரியுது! அதோட கரையில கல்லுல செதுக்கின புலித் தலைங்க, வாய் வழியாத் தண்ணி கொட்டுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. பக்கத்துலயே கேனும் பக்கெட்டுமா சனம் நிக்கும். வீட்டுல குழாய் இல்லாம இல்ல. டீ போட ஊத்துத் தண்ணிதான் வேணும், அதுதான் அவுக கௌரவம். குழாயில வாறது காத்தா தண்ணியான்னு காதை வச்சுக் கேட்டு வளந்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கல. முத நாள் ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சுட்டு அழுதுட்டேன். மாஸ்டர் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

சனங்க குணமும் நம்ம பக்கத்துக் குணம்தான். சரியான வெயில் ஊரு. ஆம்பளைங்க சட்டையை நெஞ்சு வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு மரத்தடியில குட்டி ஸ்டூல் போட்டுச் சீட்டும் சதுரங்கமும் ஆடுவாக. பேசுறது சண்டை மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தா ஒருத்தருக்கொருத்தர் டீ ஊத்திக்கிட்டு இருப்பாக. வெளியூர்க்காரன்னு தெரிஞ்சா, ஊத்துத் தண்ணி குடிச்சியான்னுதான் முதல்ல கேப்பாக, வில்லிபுத்தூர்க்காரன் கோபுரம் பார்த்தியான்னு கேக்கிற மாதிரி. வியாபாரத்துல அவசரம் கிடையாது. வேணும்னா வாங்கு, வேண்டாம்னா செத்த நேரம் உக்காந்துட்டுப் போ. ஒரு மாகாணத்துக்கே தலைநகரம், வானத்தைத் தொடுற கட்டடம் எல்லாம் இருக்கு. ஆனா ரெண்டு தெரு உள்ள போனா, வாசல்ல ஓடுற தண்ணியில காய் அலசிக்கிட்டு இருப்பாக.

காலையில ஒரு தினைக் கஞ்சி விப்பாக. பேரு என்னவோ இனிப்புக் கஞ்சின்னுதான் சுன் சொன்னாள். வாயில வச்சா உப்பும் மிளகும். கடலை, கீரை, சேமியா எல்லாம் கிடக்கும். நான் ரெண்டு கிண்ணம் அடிச்சேன். மாஸ்டர் ஒரு வாய் வச்சுட்டுக் கீழ வச்சுட்டார். "பேர் ஒண்ணு, பொருள் ஒண்ணு. இந்த ஊரை நம்பாதரா." அதோட அந்த ஊர்ச் சாப்பாட்டையே நிறுத்திட்டார். வீட்டுல இருந்து கொண்டுவந்த சப்பாத்தி, இட்லிப்பொடி, ரொட்டி, இதுதான். அவருக்குச் சர்க்கரை வியாதி வேற. மாத்திரை நேரம் தப்பாது, சாப்பாடுதான் தப்பும். எஸ்தர் கம்பெனிக்காரங்களுக்குக் குடுக்கச் சொல்லி ஒரு பெட்டி பால்கோவா கட்டி விட்டிருந்தா. அதையும் தொட விடல. "டிரயல் முடியாம இனிப்புக் கிடையாது."

டிரயல் சனிக்கிழமை நின்னுபோச்சு. மாஸ்டர் புறங்கையை வச்சுப் பார்த்தார், டம்ளரை வச்சார். மோட்டார் பக்கத்து முனைக்கு வந்ததும் தண்ணியில சுருக்கம் விழுந்து விளிம்புல வழிஞ்சுருச்சு. வயசான ஃபிட்டர் தரையைக் காட்டி என்னவோ சொன்னார். தரைதான் ஆடுது, மிஷின் இல்லைன்னாராம். நான் கையைத் தட்டி, அங்க கழட்டுன்னு சைகை காட்டினேன். அவர் மூடியைத் திருகினார். மாஸ்டர் டம்ளரை எடுத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம நடந்துட்டார்.

மறுநாள் ஞாயிறு. சுன்னுக்கும் லீவு. மாஸ்டர் தினமும் காலையில என்னைக் கூட்டிக்கிட்டு அகழிக்கரையில நடந்து, புலி வாய்த் தண்ணியைத் தன்னோட டம்ளர்ல பிடிச்சுக் குடிப்பார். ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு விலக்கு. "நீ ஜெபத்தைப் பாருரா"ன்னுட்டு டம்ளரோட தனியாக் கிளம்பிட்டார். நான் பைபிள் படிச்சு, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி எந்திரிச்சேன். வெயில் ஏறிருச்சு. மனுஷனைக் காணோம்.

அப்பத்தான் மேஜையைப் பார்த்தேன். மாத்திரை அட்டை கிழிஞ்சிருக்கு. மூடி வச்ச ரொட்டி அப்படியே இருக்கு. மாத்திரையைப் போட்டுட்டு ஒண்ணும் திங்காம இந்த வெயில்ல நடக்கப் போயிருக்கார். எங்க மில்லுல இதே மாதிரி சர்க்கரை இறங்கி ஒருத்தர் விழுந்ததை நான் கண்ணால பார்த்தவன். பால்கோவாப் பெட்டியைத் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓடினேன்.

புலித் தலைகிட்ட எப்பவும் போலக் கூட்டம். எனக்கு அவுக மொழியில தண்ணி, நன்றி, இந்த ரெண்டுதான் தெரியும். "ஹலோ! ஹலோ!"ங்கிறேன், தண்ணிச் சத்தத்துல யாரு காதுல விழும்? கையைத் தட்டினேன். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துட்டு மறுபடி பக்கெட்டைக் கவனிக்கப் போயிட்டார். ஒரு ஆளைத் தொட்டேன், அவன் கையைத் தட்டி விட்டுட்டான். ஐயோ ஆண்டவரே, இந்த மனுஷனை நான் எங்கன்னு போய்த் தேடுவேன், அவர் வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவேன்! என்ன வந்துச்சோ தெரியல, படிக்கட்டுல ஏறி நின்னு, அடிவயித்துல இருந்து கத்தினேன்.

"லாவ்சர்! லாவ்ச...ர்ர்!"

மொத்தக் கரையும் திரும்பிச்சு! கேன் பிடிச்சவங்க, சதுரங்கம் ஆடினவங்க, எதிர்க்கரையில துணி அலசினவங்க, அம்புட்டுப் பேரும் என்னையவே பார்க்காக. நான் என் பேரைக் கத்துறேன், அம்புட்டுப் பேரும் அது தன் பேருன்னு திரும்புதாக.

மூக்குக்குக் கீழ ரெண்டு கையாலயும் மீசையை முறுக்கிக் காட்டினேன். சட்டையைக் காட்டி, எதிர்ல இருந்த வெள்ளைச் சுவரைக் காட்டினேன். டம்ளர்ல குடிக்கிற மாதிரி காட்டினேன். தினமும் எங்களைப் பார்த்துத் தலையாட்டுற ஒரு அம்மா, சிவப்புக் கேன்காரம்மா, அவளுக்குப் பட்டுன்னு விளங்கிருச்சு. ரொம்பின கேனை அப்படியே போட்டுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினாள். ஓடும்போதே எதிர்ல வாறவங்ககிட்ட, "லாவ்சர்!"னு கூப்பிட்டு மீசையை முறுக்கிக் காட்டினாள். அவுக அடுத்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டினாக. எங்களுக்கு முன்னாடியே அந்தச் சொல்லு சந்து சந்தா ஓடுது. ஒரு குளத்துல நீச்சலடிச்சுக்கிட்டு இருந்த கிழவர் ஒருத்தர் தண்ணிக்குள்ள நின்னபடியே கையை நீட்டி வழியைக் காட்டினார்.

சந்துக் கடைசியில ஒரு பழைய வீடு. முத்தத்துல கூட்டம். நடுவுல குட்டி ஸ்டூல்ல மாஸ்டர். சட்டை நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு, கண்ணு எங்கேயோ சொருகுது, கையில மட்டும் டம்ளரை விடாமப் பிடிச்சிருக்கார். ஒரு தடியன் பின்னால நின்னு அவர் கழுத்தைக் கிள்ளுதான்! கழுத்துப் பூராவும் ரத்தச் சிவப்பு. கொலை பண்ணுதானுகன்னு நான் பாய்ஞ்சு அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். சிவப்புக் கேன்காரம்மா நடுவுல விழுந்து தடுத்தாள். பொறவுதான் தெரியும், வெயில்ல சுருண்டவனுக்கு அவுக பண்ணுற வைத்தியமாம் அது. ஒருத்தர் சுடுதண்ணி குடுக்காரு, ஒருத்தர் விசிறுறாரு. அவுக பாசம் எல்லாம் சரி, ஆனா வேண்டியது இனிப்பு. பெட்டியைக் கிழிச்சு, பால்கோவாவை அந்த டம்ளர்த் தண்ணியிலயே கரைச்சு, "மாஸ்டர், முழுங்குங்க, முழுங்குங்க"ன்னு கொஞ்சங் கொஞ்சமா வாயில ஊத்தினேன். முழுங்கினார். மறுபடி ஊத்தினேன். முத்தத்து ஊத்து குபுகுபுன்னு பொங்குது.

செத்த நேரத்துல கண்ணு நேராச்சு. வாயைச் சப்புக்கொட்டினார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"டிரயல் முடிஞ்சிருச்சாரா?"

நான் அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். என்ன ஏதுன்னு தெரியாமலேயே அந்தக் கூட்டமும் சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுச்சு. மிச்சப் பால்கோவா அந்த முத்தத்துலயே தீந்துபோச்சு. கழுத்தைக் கிள்ளினவன்தான் ரெண்டு பங்கு தின்னான். டாக்டர்கிட்ட நாலு பேர் சேர்ந்து கூட்டிட்டுப் போனாக. சாயங்காலம் சிவப்புக் கேன்காரம்மா ஹோட்டலுக்கே தினைக் கஞ்சி கொண்டாந்தாள். மாஸ்டர் ஒரு கிண்ணம் ஒழுங்காக் குடிச்சார்.

திங்கட்கிழமை கம்பெனியில வயசான ஃபிட்டர் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னார். நான் முன்னால போய்க் கும்பிட்டு, நாக்கை மடக்கி இழுத்து, "லாவ்ச...ர்ர்" அப்படின்னேன். மனுஷன் பாட்டிலைக் கீழ வச்சுட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து மோட்டார் பக்கத்தைக் கழட்டினோம். அவர் பேரிங்கைத் தொட்டார், நான் தொட்டேன், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கோணல் அதுலதான். புதுசு போட்டு ஓட்டினோம். மாஸ்டர் நாற்காலியில உக்காந்தபடியே டம்ளரை என்கிட்ட நீட்டினார். நான்தான் தண்ணி ஊத்தி வச்சேன், நகட்டினேன். முனை வரைக்கும் ஒரு சுருக்கம் விழல.

"ஓடட்டும்"னார் மாஸ்டர். பொறவு என்னைப் பார்த்து, "போலாமா, லாவ்சர்?"

ஏமிரா அன்னையோட முடிஞ்சது. ராஜபாளையம் வந்த பொறவும் ஷெட்டுக்கு அந்த மூலையில இருந்து, "லாவ்சர்!"னு குரல் வரும். மாஸ்டர் கடைசியில பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிட்டார்னு மில்லுல எல்லாரும் நினைச்சாக. அவர் கூப்பிட்டது என் பேரை இல்லைன்னு அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் ரிட்டயரான அன்னைக்கு மில் ஹால்ல கூட்டம் வச்சாக. மாஸ்டர் எனக்கு ரொம்ப முன்னாடியே ஓய்வாகிட்டார். தள்ளாத வயசு, ரெண்டு பேர் பிடிச்சுத்தான் மேடை ஏத்தினாக. பேசுங்க சார்னு மைக்கை நீட்டினாக, ஒதுக்கிட்டார். என் முன்னால வந்து நின்னு, புறங்கையை என் நெஞ்சு மேல வச்சார். கண்ணை மூடினார்.

"லாவ்ச...ர்ர்," அப்படின்னார். "ஓடட்டும்."

பக்கத்துல நின்ன ஆபீசர் ஒருத்தர் என் காதுல மெதுவாச் சொன்னார். "பாவம், வயசாயிருச்சு. உங்க பேரைச் சொல்லக் கூட நாக்குக் குழறுது."

"குழறல சார்," அப்படின்னேன். "அவர் சரியாத்தான் சொன்னார்."